மேகம் போடாத வரைபடம்

அந்தக் கட்டடத்துக்கு விளம்பரத்தில் வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாது. அதனால் எல்லாரும் அதைச் 'சங்கு' என்றே சொல்லிக்கொண்டார்கள். வெள்ளை வெளேரென்று பதினைந்து மாடி. எங்கே தொட்டாலும் வளைவு. நடுவில் தரையிலிருந்து உச்சிவரை பெரிய வட்ட வெளி, அதைச் சுற்றிச் சுற்றி மாடிக்கு மாடி நடைபாதை. காற்றடிக்கிற நாளில் அந்த வெளிக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை கிளம்பும். வீடு வாங்க வந்தவர்கள் அதையும் அழகில்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அதை வரைந்த ஆர்க்கிடெக்ட் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு அங்கே வந்து இறங்கினாள். திறப்பு விழாவுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். கூடவே ஏழு வயது மகள். பெயர் என்னவோ பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது, வீட்டில் அவள் கடுகு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள், இப்போது அவ்வளவு வெடிக்கிறாள். அப்பா வெளியூர், பள்ளிக்கூடம் அரைநாள், வேறு வழியில்லாமல் அம்மா வேலைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கூப்பிட்டவர் கட்டடத்தின் மேனேஜர். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார். அன்றைக்கு அவர் லிஃப்டில் பதினோரு மாடியும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"கசிவுன்னு சொன்னீங்களே?"

"கசிவுன்னுதான் எழுதி வெச்சிருக்கேன் மேடம். வேற என்னன்னு எழுதறது?"

பதினோராவது மாடி நடைபாதை பளிங்குபோல வெள்ளை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் கறைகள். அவள் குனிந்து ஒன்றை நகத்தால் சுரண்டினாள். நகத்துக்குள் ஈரமாக ஏறியது. மூக்கருகே கொண்டுபோனாள். வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருபது வருஷமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறாள்.

சிமெண்ட். இப்போதுதான் குழைத்த சிமெண்ட்.

"மேல எங்கேயாவது பூச்சு வேலை நடக்குதா?"

"ஒரு கரண்டி சிமெண்ட் உள்ள வரல மேடம், எட்டு மாசமா."

அவள் எழுந்து நின்று பார்த்தபோதுதான் கறைகளுக்கு வடிவம் தெரிந்தது. கால் தடங்கள். செருப்பில்லாத கால், பெண்ணுடைய கால் அளவு. அவை லிஃப்டிலிருந்து வரவில்லை, படிக்கட்டிலிருந்தும் வரவில்லை. கண்ணாடித் தடுப்பின் அடியில் ஆரம்பித்தன. அந்தத் தடுப்புக்கு அப்பால் வெறும் வெளி, பதினோரு மாடிப் பள்ளம். அங்கிருந்து யாரோ உள்ளே அடியெடுத்து வைத்ததுபோல முதல் தடத்தில் குதிகால் இல்லை, விரல்கள் மட்டும் இருந்தன. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போயிருந்தன. எல்லா வீட்டு வாசலுக்கும் இல்லை.

"எந்த வீட்டுக்கெல்லாம் போயிருக்கு?" என்று கேட்டாள்.

மேனேஜர் சாத்தியிருந்த கதவுகளைப் பார்த்தார். "குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு."

தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் வருகிறதாம். காலையில் தேய்த்துக் கழுவினால் சாயங்காலம் மறுபடி. அவள் பார்க்கட்டும் என்று நேற்றைய தடத்தை இன்றைக்குக் கழுவாமல் விட்டிருந்தார்களாம், அது காயவே இல்லையாம். கேமராவில் ஒன்றும் விழவில்லை. இரண்டு குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. மற்றவர்கள் ஐந்து மணிக்கே பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

பேச்சுக்குரல் கேட்டு ஒரு கதவு நாலு விரல் திறந்தது. இளவயது அம்மா ஒருத்தி, இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற சிறுமியை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே பேசினாள். "நீங்கதான் கட்டினவங்களா? இவ சொல்றதைக் கேளுங்க. நாங்க சொன்னா யார் நம்பறா."

சிறுமி கடுகையே பார்த்தாள். "ஒரு அக்கா வருவாங்க. கையை நீட்டச் சொல்வாங்க. பிடிச்சுப் பாப்பாங்க."

"அப்புறம்?"

"'நீ இல்ல'ன்னு சொல்லிட்டு விட்டுருவாங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாப் பிள்ளைங்க கையையும் பாத்துட்டாங்க. யாரும் இல்லையாம். இன்னும் தேடறாங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் இரண்டு முறை விழுந்தது.

ஆர்க்கிடெக்டுக்குப் பேய், பிசாசு என்றால் சிரிப்பு. அன்றைக்கும் சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. கடுகின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கீழே போய்ப் பேசலாம்" என்றாள். மணி ஐந்து இருபது.

கீழே வரவேற்புக் கூடத்தில், லிஃப்டுகளுக்கு எதிரில், சுவர் அகலத்துக்கு ஒரு திரை உண்டு. அதில் சங்கின் காட்சிப்படம் எந்நேரமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். கட்டடம் எழும்பும் முன்பே கம்ப்யூட்டரில் உருவாக்கும் படம் அது. பதினோராவது மாடி நடைபாதை, அந்திவெயில், ஓரத்தில் ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னக் குழந்தை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதி வீடுகள் விற்றன. படத்தில் ஆள் நிற்க வேண்டும், அப்போதுதான் இடம் எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குப் பிடிபடும். இதற்கென்றே வெட்டி வைத்த ஆட்களின் படங்கள் விலைக்குக் கிடைக்கும், எல்லாரும் பற்பசை விளம்பரக்காரர்கள்போல இளிப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது. தான் எடுத்த புகைப்படங்களிலிருந்தே ஆட்களை வெட்டி ஒட்டுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அம்மா, இது நான்தானே?" கடுகு திரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீதான். மூணு நாலு வயசுல. மூக்கு ஒழுகிட்டே நின்ன, அதை அழிக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு."

"இந்த அக்கா யாரு?"

"தெரியலடா. சும்மா ஒரு ஆள்."

"சும்மா ஆள் இல்ல மேடம்."

சொன்னது துடைப்பத்தோடு நின்ற துப்புரவுக்கார அம்மாள். கட்டட வேலை நடந்தபோது சித்தாளாக இருந்தவள், முடிந்ததும் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவள். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். புடவைக் கலரை மாத்திட்டீங்க, தலையில இருந்த சும்மாட்டை எடுத்துட்டீங்க. ஆனா முகத்தை எனக்குத் தெரியாதா? என்கூட ஒரே செட்ல மண்ணு சுமந்தவ."

ஆர்க்கிடெக்டுக்கும் நினைவு வந்தது. அஸ்திவாரம் தோண்டிய நாட்கள். நல்ல வெயிலில் ஒரு பெண், பக்கவாட்டில் கையைத் தொங்கவிட்டபடி. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, உடம்பெல்லாம் புழுதி. அழுகிற குழந்தையை வைத்து யாராவது வீடு விற்பார்களா? அதை வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கைக்குள் தன் மகளின் கையைச் செருகினாள். பொருத்தம் அவ்வளவு கச்சிதம்.

"இப்போ எங்க இருக்காங்க?"

அந்த அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா மேடம்? பதினோராவது மாடியிலேர்ந்து விழுந்தது அவதானே."

ஆர்க்கிடெக்ட் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

விபத்து தெரியும். 'ஒரு வேலையாள்' என்று காண்ட்ராக்டரின் கடிதத்தில் இருந்தது. வேலை இரண்டு நாள் நின்றது. யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது, அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினால் அந்த இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு வட்டம் போட வேண்டும். அந்தத் தொழிலில் அதற்கு மேகம் என்று பெயர். வேலை இடத்தில் யாரும் நூறு கோட்டையும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள், மேகம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கட்டடம் பாதி எழும்பிய பிறகு, கீழே இன்னும் வெளிச்சம் விழட்டும் என்று பதினோராவது மாடி நடைபாதையை ஆறடி குறுக்கினாள். அன்று கடுகுக்குக் காய்ச்சல், வீட்டிலிருந்து போன்மேல் போன். மேகம் போடாமலே படத்தை அனுப்பிவிட்டு ஓடினாள். கான்கிரீட் போட்டவர்கள் புது அளவைக் கவனித்தார்கள். ஓரத்துச் சாரத்தில் தற்காலிகத் தடுப்புக் கட்டியவர்கள், மேகம் இல்லையே, ஒன்றும் மாறவில்லை என்று பழைய படத்தின்படியே கட்டினார்கள். நடுவில் ஆறடிக்கு வெறும் பலகை. பார்த்தால் தரை மாதிரி இருந்தது. அதில் கால் வைத்த ஆள்தான் கீழே போனது.

விபத்துக்கு மறுநாள் அவள் ஆபீஸ் பிரதியில் அந்த மேகத்தைப் போட்டாள், முந்தின தேதியோடு. யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அவங்க குழந்தை?" என்று இப்போது கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தாய்மாமன் தூக்கிட்டுப் போயிட்டார். தூரத்து ஊரு. ரெண்டாவது படிக்குது, நல்லா இருக்குது. அப்பப்போ எனக்குப் போன் பண்ணுவார். விழும்போதுகூட அவ குழந்தை பேரைத்தான் மேடம்..."

அதற்குமேல் ஆர்க்கிடெக்ட் கேட்கவில்லை. பக்கத்தில் கை துழாவியது, அங்கே கடுகு இல்லை.

லிஃப்டின் கதவு அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. இடுக்கில் மகளின் முகம் தெரிந்தது. பயமே இல்லாத முகம். தன்னைவிட உயரமான யாரையோ அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

எண்கள் ஏறின. ஐந்து. எட்டு.

பதினொன்று.

அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த லிஃப்ட் வந்ததும் மேனேஜரும் அவளும் பாய்ந்து ஏறினார்கள். அவள் பதினோராம் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள், அழுத்தினால் வேகமாகப் போகும் என்பதுபோல. அந்தக் காட்சிப்படத்துக்குச் சூரியனை அவள்தான் வைத்தாள். கம்ப்யூட்டரில் மணி கொடுத்தால் வெயில் அதன்படி விழும். அவள் கொடுத்த மணி ஐந்து நாற்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து நாற்பது.

கதவு திறந்தது. நடைபாதை முழுக்கப் பொன்னிறம், படத்தில் இருந்த அதே வெயில். ஈரச் சிமெண்ட் வாசனை நெஞ்சை அடைத்தது. சங்குக்குள் எழும் அந்த 'ம்ம்ம்' சத்தம் கேட்டது. அன்றைக்குக் காற்றே இல்லை.

கடுகு கண்ணாடித் தடுப்பின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்.

காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்றடி தள்ளி, வெறும் வெளியில், நேராக நின்றிருந்தாள். ஒரு கை மேலே எதையோ பிடித்திருந்தது. அவள் நிழல் அவளுக்குக் கீழே காற்றில் தட்டையாகப் படுத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு நிழல் இருந்தது. பெரிய நிழல்.

அதற்கு ஆள் இல்லை.

மேனேஜர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா," என்றாள் கடுகு, "இங்க தரை இருக்கும்மா."

"அசையாதே கண்ணு." அவளுக்குக் கிசுகிசுப்புதான் வந்தது. "காலை எடுக்காதே. அம்மா வர்றேன்."

"இந்த அக்கா, நான்தான்னு சொல்றாங்க."

அவள் தடுப்பின் மேல் வயிறுவரை சாய்ந்து கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. ஓசை உயர்ந்தது. பெரிய நிழல் ஓர் அடி பின்னால் போனது, சின்ன நிழலும் கூடவே போனது. இப்போது ஒரு முழம் எட்டவில்லை. இன்னும் இரண்டடி போனால் பழைய நடைபாதையும் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஓரத்தை வரைந்ததே அவள்தானே.

பயத்தில் அவளுக்குப் பொய் மறந்துபோனது.

"நான்தான்," என்றாள். "மேகம் போடாதது நான்தான். அப்புறமா போட்டு மறைச்சதும் நான்தான். உன்னைக் கொன்னது நான். நீ யாருன்னுகூடக் கேக்கல."

ஓசை இறங்கவில்லை.

"அவ உன் குழந்தை இல்ல. பாரு." போனில் தேடி அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்தாள். வெட்டுவதற்கு முன்னால் இருந்த படம். வெயில், அந்தப் பெண், அவள் விரலைப் பிடித்து அழும் புழுதிக் குழந்தை. வெளிக்குமேல் அதை நீட்டிப் பிடித்தாள். "உன் பொண்ணு இதுதான். நான்தான் வெட்டி எறிஞ்சேன். திருப்பித் தந்துடறேன். சத்தியமா உன் பொண்ணை உன் கையிலயே கொடுத்துடறேன். என் பொண்ணை விட்டுடு."

ஓசை நின்றது.

போனின் கண்ணாடியில் ஈரமாக ஒரு விரல் தடம் விழுந்தது. அந்தக் குழந்தையின் முகத்தின்மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, கன்னத்தைத் தடவியது.

பிறகு கடுகு யாரோ இடுப்பில் பிடித்துத் தூக்கியதுபோல மேலே எழும்பி, தடுப்பைத் தாண்டி, அம்மாவின் மார்பில் வந்து விழுந்தாள். சட்டையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பத்து விரல்கள் பதிந்திருந்தன.

அப்போதுதான் கடுகு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைவிட இனிமையான சத்தத்தை அவள் தன் ஆயுளில் கேட்டதில்லை.

சொன்ன சொல்லை அவள் அன்றைக்கே காப்பாற்றினாள். மேனேஜரின் அறையில், கடுகை மடியிலேயே வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள். காட்சிப்படத்திலிருந்து தன் மகளை அழித்தாள். புழுதிக் குழந்தையைப் பழைய புகைப்படத்திலிருந்து வெட்டி எடுத்து, அந்தப் பெண்ணின் கைக்குள் வைத்தாள். அழுகையை மாற்றவில்லை, புழுதியைத் துடைக்கவில்லை. ஆறரை மணிக்குப் புதுப் படம் கூடத்துத் திரைக்குப் போய்விட்டது. மேனேஜர் கும்பிட்டார். அவளுக்கும் மூன்று வருஷத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. திங்கட்கிழமை போலீஸுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவது என்றுகூட முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு செய்தியும் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துப்புரவுக்கார அம்மாள் போன் செய்தாள்.

"மேடம், மாடியில தடம் இருக்குது."

"எந்த வீட்டு வாசல்ல?"

"எந்த வீட்டுக்கும் போகல. ஓரத்துலேயே இப்படியும் அப்படியும் நடந்திருக்குது. ரெண்டு பேர் தடம். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாயும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள். அழுகை வந்தது, நிம்மதியான அழுகை. "நல்லதும்மா. இனிமே யாரையும் தேட மாட்டாங்க. கழுவ வேண்டாம், அப்படியே விட்டுடுங்க."

துப்புரவுக்கார அம்மாள் போனை வைக்கவில்லை.

"சின்னக் கால்ல செருப்பு போட்டிருக்குது மேடம். பள்ளிக்கூடத்துக்குப் போடற ஷூ."

"சரி, அதுக்கென்ன..."

"அந்தப் பொண்ணோட மாமன் இப்பத்தான் போன் பண்ணினார். நேத்து சாயங்காலம் வாசல்ல விளையாடிட்டு இருந்துச்சாம். அஞ்சே முக்காலுக்குப் போய்ப் பாத்தா காணோமாம். ராத்திரி முழுக்கத் தேடியிருக்காங்க." அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "நீங்க படத்துல வெச்சீங்களே, அது யாரு மேடம்? அது உயிரோட இருக்கிற புள்ளையாச்சே."

போன் கையிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தது. அவள் விழுந்தடித்துக்கொண்டு போய் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் காட்சிப்படம் திரையில் வந்தது. வெயில், நடைபாதை, பெண், குழந்தை. குழந்தையை அழித்துவிடலாம். முந்தாநாள் தன் மகளை அழித்தாள், ஒரு நொடிகூட ஆகவில்லை. குழந்தையின்மேல் அழுத்தினாள்.

பெண்ணும் சேர்ந்து அகப்பட்டாள்.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இருவரும். தனித்தனியாக வைத்தவை ஒன்றாகிவிட்டிருந்தன. கையாலேயே வெட்டிவிடலாம் என்று அந்த இரண்டு கைகளின் இணைப்பைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். அவள் தேடிய விளிம்பு அங்கே இல்லை. தாயின் விரல்கள் எங்கே முடிகின்றன, குழந்தையின் விரல்கள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்ல முடியவில்லை.

"விட்டுடு," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். "அது உயிரோட இருக்கிற குழந்தை. விட்டுடும்மா."

படத்தைச் சின்னதாக்கியபோது, அவள் வைத்தபோது அழுதுகொண்டிருந்த குழந்தை வாயை மூடியிருந்தது. தாயை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.